கடலுக்கு சில்லர் கிடையாது

அகத்தித் தீவின் கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, கண்ணாடி முகமூடியை மாட்டிக் குனியும் சுற்றுலாப் பயணிகளில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் சில நொடிகளில் தலையைத் தூக்கி, "ஆகா, என்ன அழகு!" என்று கூவும். இரண்டாவது ரகம் தலையைத் தூக்கவே தூக்காது. தப்பித் தவறித் தூக்கினாலும் வாயிலிருந்து வருவது ஒரு மீனின் பெயர். அதற்கடுத்து ஒரு விலை. இந்த இரண்டாவது ரகத்தினர் வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள்.

சாதாரண மீன் தொட்டிக்காரர்களிலிருந்து இவர்கள் வேறு ஜாதி. தங்கமீனும் கப்பியும் வளர்க்க ஒரு கண்ணாடித் தொட்டியும் ஒரு பம்பும் போதும். கடல்மீன் வளர்க்கிறவரோ தண்ணீரில் உப்பைச் சரியாக லிட்டருக்கு 35 கிராம் என்று அளந்து கரைக்க வேண்டும். அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் சோதிக்க வேண்டும். கழிவைப் பிரிக்க ஸ்கிம்மர், பவளத்துக்கென்று தனி விளக்கு, நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடாகாமலிருக்க சில்லர் என்று வரவேற்பறையின் ஒரு மூலை சிறிய தொழிற்சாலையாகிவிடும். மே மாதத்தில் மின்சாரம் நான்கு மணி நேரம் போனால் வீட்டில் இருப்பவர்கள் விசிறியால் விசிறிக்கொள்வார்கள். இவர் தொட்டிக்கு ஐஸ் கட்டி தேடி ஓடுவார்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு லட்சத்தீவுப் பயணம் என்பது புனித யாத்திரைக்குச் சமானம். கடையில் பாலிதீன் பைக்குள் பார்த்த மீன்களை அவற்றின் சொந்த வீட்டில் பார்க்கும் வாய்ப்பு. ஆனால், அந்த வீட்டைக் கவனமாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் தொட்டிக்குப் புதிதாக வாங்கும் மீன்களின் பட்டியல் நீளாது, சுருங்கும். சுருங்க வேண்டும் என்பதுதான் விஷயமே.

விளிம்பில் ஒரு வாழ்க்கை

கேரளக் கரையிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் வரையிலான தூரத்தில் அரபிக்கடலில் சிதறிக் கிடக்கின்றன லட்சத்தீவுகள். கணக்குப்படி 36 தீவுகள். மக்கள் வசிப்பது பத்தில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொத்தம் 64,473 பேர். எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினால் 32 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தீவுகளைத் தழுவிக் கிடக்கும் லகூன்களின் பரப்பு சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். பவளத்திட்டு அலையைத் தடுத்து நிறுத்த, அதற்கும் தீவுக்கும் நடுவே அடங்கிக் கிடக்கும் ஆழமில்லாத பச்சைக் கடல்தான் லகூன். லட்சத்தீவுக்காரரின் தேசம் நிலத்தைவிடத் தண்ணீரிலேயே அதிகம்.

இவை வட்டப் பவளத்திட்டுகள். எரிமலை ஒன்று கடலுக்குள் மெல்ல மெல்ல அமிழ, அதன் விளிம்பைச் சுற்றி வளர்ந்த பவளம் மட்டும் தண்ணீர் மட்டத்தோடு போட்டியிட்டு மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்க, கடைசியில் மலை மறைந்து வளையம் மிஞ்சுகிறது என்று 1842-ல் விளக்கினார் சார்லஸ் டார்வின். அந்த வளையத்தின் மேல் பவள மணல் குவிந்து, தென்னை முளைத்து, மனிதர்கள் குடியேறிய இடம்தான் தீவு. கடல் மட்டத்துக்கு மேலே ஓரிரு மீட்டர்தான் உயரம். சுருக்கமாகச் சொன்னால், காலடியில் இருக்கும் தரையே ஒரு பிராணி கட்டியது.

போவது எளிதல்ல. நிர்வாகத்திடம் நுழைவு அனுமதி வாங்க வேண்டும். கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். கப்பலில் என்றால் தீவைப் பொறுத்து ஓர் இரவும் கொஞ்சம் பகலும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கடல் கலங்கிவிடும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை தெளிந்த தண்ணீர். அகத்தியின் ஒல்லியான உடம்பின் தென்கோடியில் விமான ஓடுபாதை. இறங்கும்போது ஜன்னலின் இரு பக்கமும் கடல் தெரியும். விமானம் தண்ணீரில்தான் இறங்கப்போகிறதோ என்று முதல்முறை போகிறவர்கள் பயப்படுவது வழக்கம்.

இந்த மீன்களை நம்மவர்கள் அறிவியல் முறைப்படி எண்ணிப் பார்த்த கதைக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபத்தில் இருந்தது. 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போனது. அதன் இயக்குநராக இருந்த எஸ். ஜோன்ஸ், எம். குமரனோடு சேர்ந்து 1980-ல் வெளியிட்ட லட்சத்தீவு மீன்கள் பற்றிய நூலில் 603 இனங்கள் இடம்பெற்றன. இன்றும் இந்தத் தீவுகளின் மீன்களைப் பற்றிப் பேசுகிற யாரும் அந்த நூலைத் தாண்டிப் போக முடியாது.

தொட்டியில் தெரியாதது

தண்ணீருக்குள் தலையை விட்டதும் தொட்டிக்காரர் தேடும் முதல் ஆசாமி கோமாளி மீன். கடல் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே அது கண்ணாமூச்சி ஆடும். மற்ற மீன்களைச் சுரீர் என்று கொட்டும் அந்த விரல்கள் இதை ஒன்றும் செய்வதில்லை. ஒரு சாமந்திக்கு ஒரு குடும்பம். அதில் உருவத்தில் பெரியது பெண். அடுத்தது அதன் ஜோடியான ஆண். மற்றவை வரிசையில் காத்திருக்கும் சின்னவை. பெண் செத்தால் ஆணே பெண்ணாக மாறிவிடும். வரிசையில் அடுத்தது ஆணாகப் பதவி உயர்வு பெறும். பிடிக்க வருகிறவன் கண்ணில் படுவது பெரியதும் பளிச்சென்றதும்தான். அதை எடுத்தால் ஒரு மீன் போயிற்று என்று அர்த்தமல்ல. புதுப் பெண் உருவாகும்வரை அந்தக் குடும்பத்தில் முட்டை கிடையாது.

அடுத்து, நீல உடம்பும் மஞ்சள் முதுகுத் துடுப்புமாகக் கூட்டமாக மேயும் பவுடர் ப்ளூ டாங். இந்தியப் பெருங்கடலின் அழகிகளில் ஒன்று. கடையில் ஒற்றையாக நிற்கும். தொட்டியில் இறக்கிய சில நாட்களிலேயே உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி நோய் வந்துவிடும் என்பது அனுபவஸ்தர்கள் அறிந்த சோகம். திட்டில் அதைப் பார்த்தால் காரணம் புரியும். நாள் முழுக்கப் பாறையிலிருந்து பாசியைக் கொறித்துக்கொண்டே அது பல நூறு மீட்டர் போய் வருகிறது. நான்கடித் தொட்டி அதற்கு வீடல்ல, லிஃப்ட்.

மஞ்சளும் ஊதாவும் கோடு போட்ட வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று ஜோடி ஜோடியாக அலையும். அது தின்பது உயிருள்ள பவளத்தின் மொட்டுகளை மட்டுமே. வேறெதைப் போட்டாலும் தொடாது. அதை விற்கிறவர் ஒரு பட்டினிச் சாவை விற்கிறார். வாங்குகிறவர் அதற்குக் காசு கொடுக்கிறார்.

விரல் நீளத்தில் நீலக் கோடு போட்ட துப்புரவு மீனின் கதை இன்னும் சுவாரசியம். திட்டில் அதற்கென்று ஒரு 'கடை' உண்டு. பெரிய மீன்கள் அங்கே வந்து வாயைத் திறந்தபடி நிற்கும். இது உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். விலை மலிவு என்பதால் தொட்டிக்காரர்கள் யோசிக்காமல் வாங்குவது இது. தொட்டியில் போதிய வாடிக்கையாளர்கள் இல்லாமல் பல துப்புரவு மீன்கள் மெலிந்து சாகின்றன. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சில திட்டுகளிலிருந்து இந்த மீனை மட்டும் எட்டாண்டுகளுக்கும் மேலாக அகற்றிவிட்டுப் பார்த்தார்கள் ஆராய்ச்சியாளர்கள். அந்தத் திட்டுகளில் மற்ற மீன்களின் எண்ணிக்கையும் குறைந்தது, இனங்களும் குறைந்தன. மலிவு விலை மீன் ஒரு தெருவின் டாக்டர் என்பது அப்போதுதான் கணக்கில் தெரிந்தது.

கரக் கரக் என்று தண்ணீருக்குள் ஒரு சத்தம் கேட்டால் அது கிளிமீன். கிளியின் அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்கிறது. கூடவே உள்ளே போகும் சுண்ணாம்பு, வெள்ளை மணலாக வெளியே வருகிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணலைத் தயாரிக்கும். மாலத்தீவின் வக்காரு தீவில் 2015-ல் வெளியான ஆய்வு, அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்களின் உபயம் என்று சொன்னது. பயணிகள் துண்டு விரித்துப் படுக்கும் அந்தப் பளிங்கு மணலில் கிளிமீனின் பங்கு எவ்வளவு என்பதை அவர்களிடம் சொல்லாமலிருப்பதே நல்லது.

பிறகு, கிளைப்பவளத்துக்குள் பச்சை நீலத்தில் மின்னும் குட்டி குரோமிஸ் மீன்கள். உலகச் சந்தையில் அதிகம் விற்கும் கடல் வண்ணமீன்களில் இதுவும் ஒன்று. லட்சத்தீவுக்காரருக்கு இது அலங்காரப் பொருளல்ல, பிழைப்பு. அவர்கள் சூரை மீனை வலைபோட்டு அள்ளுவதில்லை. தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். அதற்கு முன்னால் லகூனில் பிடித்த உயிருள்ள குட்டி மீன்களைக் கடலில் இறைத்து சூரைக் கூட்டத்தைப் படகின் அருகே இழுக்க வேண்டும். அந்த இரை மீன்களின் பட்டியலில் குரோமிஸும் இருக்கிறது. குட்டி மீன் இல்லாவிட்டால் சூரை இல்லை; சூரை இல்லாவிட்டால் தமிழ் வீடுகளின் சம்பலுக்கு ருசி தரும் மாசிக் கருவாடும் இல்லை.

பிரியத்தின் பழைய குற்றம்

அழகானதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. 1853-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதில் முக்கியப் பங்காற்றிய பிலிப் ஹென்றி காஸ், அடுத்த ஆண்டே 'தி அக்வேரியம்' என்ற நூலை எழுதினார். இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கத்துக்குப் பைத்தியம் பிடித்தது. வாளியும் உளியுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தார்கள். அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் எழுதிய சுயசரிதையில், தன் அப்பாவின் எழுத்தைப் படித்து வந்த கூட்டமே அந்தக் கரையின் பாறைக் குட்டைகளைச் சூறையாடிவிட்டதாக வருந்தினார். கடலை நேசிக்கச் சொல்லிக் கொடுத்த புத்தகமே கடற்கரையைக் காலி செய்தது.

நூறாண்டு கழித்து அதே கதை வெப்பமண்டலத்தில் நடந்தது. 1960களில் பிலிப்பைன்ஸில் பவள இடுக்குகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் முறை தொடங்கியது. மீனில் பாதி வழியில் சாகும். சுற்றியிருந்த பவளமும் சாகும். தப்பிப் பிழைத்தது விமானமேறி யாரோ ஒருவரின் வரவேற்பறைக்குப் போகும்.

இந்தோனேஷியாவின் பங்காய் தீவுகளில் நடந்தது இன்னும் வேகம். வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டைகளும் முத்துப் புள்ளிகளும் கொண்ட பங்காய் கார்டினல் மீனுக்கு 1933-ல் விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். அதன்பின் உலகம் அதை மறந்துவிட்டது. 1994-ல் ஜெரால்டு ஆலன் மறுபடியும் கண்டெடுத்தார். உடனே சந்தை விழித்துக்கொண்டது. இந்த மீனின் ஆண், முட்டைகளை வாய்க்குள் வைத்து அடைகாத்து, பொரித்த குஞ்சுகளையும் சில நாள் வாயிலேயே காப்பாற்றி வெளியே விடும். மற்ற மீன்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தூரத்துத் திட்டுகளுக்குக் குடிபோகும். இதன் குஞ்சுகள் பிறந்த இடத்தை விட்டு நகராது. ஓரிடத்தில் பிடித்துத் தீர்த்துவிட்டால் வேறிடத்திலிருந்து வந்து நிரப்ப ஆள் கிடையாது. ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பிடிக்கப்பட்ட அந்த மீனை, மறுகண்டுபிடிப்பு நடந்து பதின்மூன்றே ஆண்டுகளில், 2007-ல், அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம்.

2003-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை ஒன்று உலக வணிகத்தைக் கணக்கிட்டது: ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி வரை கடல் வண்ணமீன்கள்; 1,471 இனங்கள். நன்னீர் வண்ணமீன்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறப்பவை. சென்னை கொளத்தூரில் தொட்டி தொட்டியாக நீந்துவது அப்படிப்பட்ட கூட்டம். கடல்மீன்களில் நிலைமை தலைகீழ். மிகப் பெரும்பாலானவை திட்டிலிருந்து நேராகப் பிடித்து வரப்பட்டவை.

சட்டம் ஒரு பாதி

இந்தியாவில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. கடினப் பவளங்கள், கறுப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை இவற்றையெல்லாம் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். சட்டத்தின் கண்ணில் திட்டிலிருந்து உடைத்த பவளத் துண்டும் புலித்தோலும் ஒரே தராசில்தான். "கரையில் ஒதுங்கிக் கிடந்தது, ஞாபகார்த்தமாக எடுத்தேன்" என்ற சமாதானம் எடுபடாது. ஆனால் குரோமிஸுக்கும் பவுடர் ப்ளூ டாங்குக்கும் அந்த அட்டவணையில் இடமில்லை. அங்கே வேலை செய்ய வேண்டியது வாங்குகிறவரின் மனசாட்சி.

மனசாட்சிக்கு உதவ விஞ்ஞானம் முன்வந்திருக்கிறது. கோமாளி மீன், தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்கிற மீன். ஆண் துடுப்பால் விசிறியும் வாயால் சுத்தம் செய்தும் காவல் காக்க, ஆறு முதல் எட்டு நாளில், இருட்டிய பிறகு, முட்டை பொரியும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சுகளுக்கு முதலில் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர், பிறகு ஆர்ட்டீமியா. முதல் பத்து நாட்களைத் தாண்ட வைப்பதில்தான் சாமர்த்தியம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதைச் செய்து காட்டியது; பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் செய்தது. வளர்க்கவே முடியாது என்று கைவிடப்பட்டிருந்த நீல டாங் மீனைக்கூட 2016-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் தொட்டியில் பிறக்க வைத்துவிட்டது.

பயணி காலை நனைக்கும் அதே அகத்தியில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. தேசிய மீன் மரபியல் வளங்கள் பணியகம் அங்கே ஒரு மையம் அமைத்து, கடல் சாமந்திகளோடு குடியிருக்கும் கண்ணாடி போன்ற அலங்கார இறால்களைப் பொரிப்பகத்தில் பெருக்கியது. குட்டி இறால்களைத் தீவுப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து வாங்கி, தொட்டிகளில் வளர்த்துப் பெரிதாக்கி விற்கக் கற்றுக்கொண்டார்கள். தென்னையும் சூரையும் தவிர வேறு வருமானம் அதிகம் இல்லாத ஊரில் திட்டைத் தொடாமல் திட்டின் அழகை விற்பது சின்ன விஷயமல்ல. தொட்டிக்காரர் ஒருவர் தன் பர்ஸைத் திறப்பதற்கு இதைவிட நியாயமான இடம் இருக்க முடியாது.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?" பதில் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் வாங்காமல் வந்தால் போதும். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வரும்போது அவருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

ஒரு டிகிரி

இத்தனையும் சரியாக நடந்தால் திட்டு பிழைத்துவிடுமா? இல்லை என்பதுதான் கசப்பான பதில். தொட்டி வணிகம் திட்டின் பகைவர்களில் ஒன்று. பெரிய பகைவன் வேறு.

பவளம் என்பது சுண்ணாம்பு வீட்டுக்குள் வாழும் மென்மையான பிராணி. அதன் திசுவுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலைச் சாப்பாடாக்கி வாடகை கொடுக்கின்றன. பவளத்தின் நிறமும் பெருமளவு அந்தப் பாசிகளுடையதே. வழக்கமான கோடை உச்சத்தைவிட தண்ணீர் ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால் பாசிகள் வெளியேற்றப்படுகின்றன. வெள்ளை எலும்பு தெரிய நிற்கும் பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசிகள் திரும்பும். குளிராவிட்டால் சாவு. விஞ்ஞானிகள் இதைப் பால்காரர் கணக்குப் போலக் குறித்து வைக்கிறார்கள்: ஒரு டிகிரி கூடுதல் நான்கு வாரம் நின்றால் கணக்கு 4, வெளுப்பு நிச்சயம், கணக்கு 8-ஐ எட்டினால் பரவலான சாவு.

1998. எல் நினோ ஆண்டு. உலகின் பவளத்திட்டுகளில் சுமார் 16 சதவீதம் அந்த ஓராண்டில் அழிந்ததாக மதிப்பிடப்பட்டது. லட்சத்தீவும் தப்பவில்லை. பிறகு மெல்ல மீண்டது. 2010-ல் மறுபடியும் அடி. 2016-ல் இன்னொன்று. 2023 அக்டோபர் இறுதியிலிருந்தே லட்சத்தீவுக் கடல் வெப்ப அலையில் கொதித்துக்கொண்டிருந்ததாகவும், பல தீவுகளில் பவளம் கடுமையாக வெளுத்ததாகவும் 2024 மே மாதம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. அடிக்கும் அடிக்கும் நடுவே முதலில் பன்னிரண்டு ஆண்டு, பிறகு ஆறு, பிறகு எட்டு. நோயாளி எழுந்து உட்காருவதற்குள் அடுத்த காய்ச்சல்.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அகத்தி, கட்மத், கவரத்தி மூன்றிலும் 24 ஆண்டுகள் தொடர்ந்து அளந்ததில், 1998-ல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 19 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய பாதி.

வெளுப்பது பவளம் மட்டுமல்ல. கடல் சாமந்தியின் உடம்பிலும் அதே பாசிகள்தான். 2016-ல் பசிபிக் கடலின் மூரியா தீவில், வெளுத்த சாமந்திகளில் வாழ்ந்த கோமாளி மீன்கள் பிழைக்கக்கூடிய முட்டைகளை இடுவது 73 சதவீதம் குறைந்ததாக ஆய்வு ஒன்று கண்டது. யாரும் பிடிக்காமலேயே குடும்பம் சுருங்குகிறது.

இந்த இடத்தில்தான் கடல்மீன் தொட்டிக்காரர் மற்ற பயணிகளிடமிருந்து வேறுபடுகிறார். பூமி ஒரு டிகிரி சூடாகிவிட்டது என்று செய்தி வாசிப்பவர் சொன்னால் மற்றவர்கள் சானலை மாற்றிவிடுவார்கள். ஒரு டிகிரிதானே? 26-ல் நிற்க வேண்டிய தொட்டி 29, 30 என்று ஏறும்போது என்ன நடக்கும் என்பது இவருக்குத்தான் தெரியும். பவளம் சுருங்கியதை, சாமந்தி வாயைப் பிளந்து கிடந்ததை, காலையில் மிதந்த மீனைக் கண்ணால் பார்த்தவர். அவரிடம் சில்லர் இருந்தது. பழுதானால் பழுது பார்க்க ஆள் இருந்தான். 4,200 சதுர கிலோமீட்டர் லகூனுக்கு அப்படி எதுவும் இல்லை.

பவளம் சாவது மீன்களின் பிரச்சினை மட்டுமாக இருந்தால்கூடத் தேற்றிக்கொள்ளலாம். அலையின் வேகத்தைத் திட்டுதான் உடைக்கிறது. செத்த திட்டு நொறுங்கிக் கரைய, அலை நேராகத் தீவின் காலை அரிக்கும். பங்காரத்தைச் சுற்றிய வளையத்தில் பரலி-1 என்று ஒரு தீவு இருந்தது. ஆள் வசிக்காத சிறிய மணல் திட்டு. 1968-ல் அளந்தபோது 0.032 சதுர கிலோமீட்டர். அது முற்றிலுமாகக் கடலரிப்பில் மறைந்துவிட்டதாக 2017-ல் கேரள ஆய்வாளர் ஒருவரின் ஆய்வு வெளிச்சம் போட்டது. ஆள் இல்லாத தீவு என்பதால் அழ யாரும் இல்லை. மற்ற பத்துத் தீவுகளில் ஆள் இருக்கிறார்கள்.

2024 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி லட்சத்தீவுக்குப் போய் மூச்சுக்குழாய் மாட்டி நீந்திய படங்கள் வெளியானதும் நாடு முழுக்க அந்தத் தீவுகள் மேல் திடீர்க் காதல் பிறந்தது. நாலே மாதத்தில் பவளம் வெளுத்த செய்தி வந்தது. அதற்கு அத்தனை கூட்டம் கூடவில்லை.

போகிறவர்கள் போகட்டும், பார்க்காத ஒன்றுக்காக யாரும் வருந்துவதில்லை. போகும்போது சில விஷயங்கள் நினைவிருந்தால் போதும். பவளத்தின் மேல் நிற்கக் கூடாது. ஒரு மிதி பல ஆண்டு வளர்ச்சியை நொறுக்கும். வெயில் கிரீமை அப்பிக்கொள்வதைவிட முழுக்கைச் சட்டை போட்டு இறங்குவது தோலுக்கும் நல்லது, பவளத்துக்கும் நல்லது. சில கிரீம்களில் உள்ள ரசாயனங்களுக்காகவே பலாவ் நாடு 2020-ல் அவற்றுக்குத் தடை போட்டது. மீனுக்கு ரொட்டி போடக் கூடாது. அதற்கு வேறு வேலை இருக்கிறது. சங்கோ சிப்பியோ பவளத் துண்டோ பெட்டிக்குள் வரக் கூடாது.

தொட்டிக்காரர்கள் கூடுதலாக ஒன்று செய்யலாம். தொட்டிக்கென்று வாங்கிய வெப்பமானியைப் பயணப் பையில் போட்டுக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், லகூன் தண்ணீரில் முக்கிப் பார்த்துத் தேதியோடு எழுதிக்கொள்வது. வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளைத் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் நண்பர்கள் விசாரிப்பார்கள். மீனின் விலையைச் சொல்வதற்குப் பதிலாக அந்த எண்ணைச் சொல்லலாம்.